மூடிய குழாயும் நாற்பத்து மூன்று தொட்டிகளும்

ஜனவரி 9

தையல்கார அத்தைக்கு,

நான்தான். உங்கள் மாடியில் குடியிருந்தோமே, என்னை "வாண்டு, வாண்டு" என்று கூப்பிடுவீர்களே, அந்த வாண்டு. கடிதத்தைக் கிழித்துப் போடாதீர்கள். கிழித்தே தீருவீர்கள் என்றால் முழுசாகப் படித்துவிட்டுக் கிழியுங்கள்.

புதுப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லாரும் ஆளுக்கொரு கடிதம் எழுதி, நிஜமாகவே தபாலில் போட வேண்டும் என்று டீச்சர் சொல்லிவிட்டார். யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாமாம். என் பக்கத்தில் உட்காருகிறவள் அவள் சித்திக்கு எழுதினாள். நான் யோசித்து யோசித்துப் பார்த்தேன். எனக்குச் சொல்ல வேண்டியது பாக்கி இருக்கிற ஒரே ஆள் நீங்கள்தான்.

நான் குழாயைத் திறந்து போட்டுவிட்டுப் போகவில்லை. ஒரு தடவைகூட இல்லை.

உங்கள் தையல் அறைக் கூரை ஒரு மாதமாகச் சொட்டியது. அதற்கு நேர் மேலே எங்கள் குளியலறை. நீங்கள் மாடிப்படி ஏறி வந்து சத்தம் போட்டீர்கள். என் அப்பா பிளம்பர். நாலு தடவை பைப்பைக் கழற்றிப் பார்த்தார், எங்கேயும் ஒழுகவில்லை. அதனால் அப்பா, "பைப்புல கோளாறு இல்ல. அப்ப கையிலதான் கோளாறு" என்று என் கையைக் காட்டினார். அன்றைக்குச் சாயங்காலம் "நான்தான் திறந்து விட்டேன்" என்று உங்கள் முன்னால் சொன்னேன். அதுதான் பொய். நான் சொன்ன ஒரே பொய் அதுதான்.

இப்போது நான் குளியலறையிலிருந்து வந்தால் அப்பா எழுந்து போய்க் குழாயைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் உட்காருகிறார். எனக்கு எவ்வளவு அவமானமாக இருக்கும், சொல்லுங்கள்?

ஒன்று மட்டும் செய்தேன். படிக்கட்டில் வைத்திருந்த உங்கள் செடிகளிலிருந்து என் இலை நோட்டுக்காகப் பதினோரு இலை பறித்தேன். அதற்காகத்தான் எல்லாத் தொட்டியையும் தையல் அறைக்குள் தூக்கிப் போனீர்கள். இலைக்கு மன்னிப்புக் கேட்கிறேன். குழாய்க்குக் கேட்க மாட்டேன்.

அப்பா உங்கள் நம்பரை அழித்துவிட்டார். பதில் எழுதினால் பள்ளிக்கூட முகவரிக்கு எழுதுங்கள்.

இப்படிக்கு,
குழாயைத் திறக்காத வாண்டு


ஜனவரி 17

வாண்டுக்கு,

கிழிக்கவில்லை. எனக்குத் துணி வெட்டவே நேரம் போதவில்லை, இதில் கடிதம் வேறு.

நீ உன் வாயால் ஒப்புக்கொண்டாய். உன் அப்பா உன்னைக் கீழே கூட்டி வந்து என் கட்டிங் மேஜைக்கு முன்னால் நிறுத்தினார். "நான்தான்" என்றாய். என் இரண்டு காதாலும் கேட்டேன். இப்போது இல்லை என்கிறாய். ஒரு பிள்ளை எப்போது பொய் சொல்கிறது, எப்போது நிஜம் சொல்கிறது என்று நான் எதை வைத்துக் கண்டுபிடிப்பேன்?

என் நஷ்டம் உனக்குத் தெரியாது. டாக்டர்கள் போடுகிற வெள்ளைக் கோட்டு, அறுபது. காலரில் எல்லாம் கறுப்புக் கறுப்பாகப் பூஞ்சைப் புள்ளி. ஊசி துருப்பிடித்து, குத்தின இடமெல்லாம் பழுப்பு. ஆஸ்பத்திரிக்காரர்கள் மூட்டையைப் பிரித்த வேகத்தில் திருப்பி அனுப்பினார்கள். பதினாறு வருஷம் அவர்களுக்குத் தைத்தவள் நான். என் வெள்ளையில் ஒரு தூசி இருந்ததில்லை. தூசி விழக்கூடாது என்றுதானே ஜன்னலையே திறக்க மாட்டேன்? சுண்ணாம்பு உதிரக்கூடாது என்றுதானே கூரைக்கு எண்ணெய் பெயிண்ட் அடித்தேன்? அதெல்லாம் வீண்.

இலை பறித்ததற்கு நீ கேட்ட மன்னிப்பை வாங்கிக்கொண்டேன். அந்த விஷயம் அதோடு போகட்டும்.

இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் கடிதத்தை ஒட்டாமலே வைத்திருந்தேன். கேட்டுவிடுகிறேன். நீங்கள் டிசம்பர் இருபதாம் தேதி காலி செய்தீர்கள். அன்றைக்கே மாடிக்குப் போகிற மெயின் வால்வை என் கையால் அடைத்தேன். மாடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. ஆனால் இன்னும் சொட்டுகிறது.

வேறு எங்கேயாவது தண்ணீர் ஊற்றி வைத்தாயா? எதையாவது அடைத்து வைத்தாயா? இப்போதாவது நிஜத்தைச் சொல். திட்ட மாட்டேன்.

அத்தை


ஜனவரி 25

அத்தைக்கு,

இன்னும் சொட்டுகிறதா!!!

வகுப்பிலேயே கத்திவிட்டேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நாங்கள் வீடு மாறி ஒரு மாதம் ஆகிறது. இங்கேயிருந்து உங்கள் கூரைக்குத் தண்ணீர் ஊற்ற எனக்கென்ன தும்பிக்கையா இருக்கிறது? வால்வை அடைத்த பிறகும் சொட்டுகிறது என்று நீங்களே எழுதிவிட்டு, கீழேயே "நிஜத்தைச் சொல்" என்று என்னைக் கேட்கிறீர்களே, உங்களுக்கே நியாயமா?

எனக்கு அழுகை வந்தது. அப்புறம் புதன்கிழமை ஒன்று நடந்தது. அதில் அழுகை நின்றே விட்டது.

அறிவியல் டீச்சர் எங்களை மைதானத்து மரத்துக்குக் கூட்டிப் போனார். ஒரு சின்னக் கிளையை இலையோடு கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் பைக்குள் விட்டு, வாயை நூலால் இறுக்கிக் கட்டினார். மறுநாள் போய்ப் பார்த்தால் பைக்குள் தண்ணீர்! அடியில் குட்டையாகத் தேங்கியிருந்தது. "எங்கிருந்து வந்தது?" என்று கேட்டார். ஒருத்தன் மழை என்றான். ஒருத்தி பனி என்றாள். பை மூடியிருக்கிறது, எப்படி உள்ளே போகும்? யாருக்கும் தெரியவில்லை.

இலைதான் விட்டதாம் அத்தை. இலை தண்ணீர் விடுமாம்! வேர் குடிக்கிற தண்ணீரில் நூறு தம்ளருக்குத் தொண்ணூற்றேழு தம்ளரை இலை வழியாக ஆவியாக வெளியே அனுப்பிவிடுமாம். அதற்கு நீராவிப்போக்கு என்று பெயர். ஆவி கண்ணுக்குத் தெரியாது. குளிர்ச்சியான எதன்மேலாவது பட்டால் மறுபடி தண்ணீராகிவிடும்.

நான் அந்தப் பையையே பார்த்துக்கொண்டு நின்றேன். மூடின பை. உள்ளே இலை. உடனே எனக்கு உங்கள் தையல் அறை ஞாபகம் வந்தது. மூடின ஜன்னல். உள்ளே நாற்பத்து மூன்று தொட்டி!

பதில் சொல்லுங்கள். ஜன்னல் கண்ணாடியின் உள்பக்கம் ஈரமாக இருக்கிறதா? எந்த நேரத்தில் சொட்டுகிறது? செடிகளுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு ஊற்றுகிறீர்கள்? தொட்டிகளை உள்ளே வைத்த பிறகுதானே சொட்ட ஆரம்பித்தது?

வாண்டு


பிப்ரவரி 2

வாண்டுக்கு,

உனக்கு வாய் நீளம் என்று உன் அம்மாவிடம் அப்போதே சொன்னேன். சரியாகத்தான் சொல்லியிருக்கிறேன்.

இலை தண்ணீர் விடுகிறதாம். அதென்ன இலையா, குழாயா? செடிகளை நான் எப்படி வளர்த்தேன் என்று உனக்குத் தெரியுமா? யானைக்காது மாதிரி இலை விரித்து நிற்கிறதே, அது வந்தபோது என் கட்டைவிரல் உயரம். எனக்குப் புருஷனும் இல்லை, பிள்ளையும் இல்லை; காலையில் மிஷினைத் துடைத்ததும் அவற்றோடுதான் நாலு வார்த்தை பேசுகிறேன். நீ பறித்தது போதாதென்று இப்போது பழியையும் அவற்றின் தலையில் கட்டுகிறாயா? நன்றாக இருக்கிறது நியாயம்.

நீ கேட்டாய், அதனால் எழுதுகிறேன். கண்ணாடி உள்பக்கம் ஈரம்தான். விரலால் கோடு போட்டால் கோடு நிற்கிறது. சொட்டுவது விடிகாலையில், மத்தியானத்தில் நின்றுவிடும். தினம் ஒரு பக்கெட் ஊற்றுகிறேன். தொட்டிகளை உள்ளே வைத்தது அக்டோபர் கடைசியில். சொட்டியது நவம்பர் நடுவில். அதற்கென்ன? குளிர் தொடங்கியதும் அப்போதுதான்.

போன வாரம் கொத்தனாரை வரவழைத்து மாடிக் குளியலறைத் தரையை உடைக்கச் சொன்னேன். உள்ளே சிமெண்ட் காய்ந்து கிடந்தது. கையில் எடுத்துத் தூவிக் காட்டினார், மாவு மாதிரிப் பறந்தது. "அம்மா, இந்தத் தரைக்கு அடியில தண்ணி எறங்கி பல மாசம் ஆச்சு" என்றார். கீழே இறங்கி வந்து பார்த்தால், அதே இடத்துக்கு நேர் கீழே கூரையில் முத்து முத்தாகத் தண்ணீர். நீங்கள் இருந்தபோதைவிட இப்போதுதான் அதிகம்.

இந்த அதிசயத்தை யாரிடம் சொல்வது? சொன்னால் பைத்தியம் என்பார்கள். அதனால் உன்னிடம் சொல்கிறேன்.

ஆனால் செடி இல்லை. அது மட்டும் இல்லை.

அத்தை


பிப்ரவரி 9

அத்தைக்கு,

செடிதான். செடியேதான்.

உங்கள் கடிதத்தை (உங்கள் பெயரை மறைத்துவிட்டு) டீச்சரிடம் காட்டினேன். டீச்சர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "தரையை உடைச்சுட்டாங்களா!" என்று வாயில் கை வைத்துக்கொண்டார். அப்புறம் படம் போட்டு விளக்கினார். நான் உங்களுக்குத் திருப்பிச் சொல்கிறேன், கோபப்படாமல் கேளுங்கள்.

ஒரு இலையைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் சட்டைப் பொத்தான் அளவு இடத்திலேயே ஆயிரக்கணக்கில் ஓட்டை இருக்கிறது. இலைத்துளை. ஒவ்வொரு ஓட்டைக்கும் இரண்டு பக்கமும் அவரை விதை வடிவத்தில் இரண்டு காவல்காரர்கள். தண்ணீர் நிறைய இருந்தால் அவர்கள் உப்பி வளைவார்கள், நடுவில் வாய் திறக்கும். தண்ணீர் குறைந்தால் தொய்ந்துபோவார்கள், வாய் மூடிக்கொள்ளும்.

தண்ணீரை வீணாக்க வேண்டும் என்று இலைக்கு ஆசை இல்லை. அதற்குச் சாப்பாடு செய்யக் காற்று வேண்டும். காற்றை உள்ளே இழுக்க வாயைத் திறந்தால், உள்ளே இருக்கிற ஈரம் நழுவி வெளியே போய்விடுகிறது. அப்படிப் போகிறதே, அதில் இலைக்கு ஒரு லாபமும் உண்டு. மேலே ஒரு துளி போனால் அது தனக்குப் பின்னால் இருக்கிற துளியை இழுக்கும், அது அடுத்ததை இழுக்கும், இப்படியே வேர் வரைக்கும். மோட்டாரே கிடையாது! எவ்வளவு பெரிய மரமானாலும் இப்படித்தான் தண்ணீர் ஏறுகிறதாம். இலையும் வெயிலில் சூடாகிவிடாமல் இருக்குமாம்.

இப்போது உங்கள் அறை. தையலுக்கு வெளிச்சம் வேண்டும் என்று பெரிய கண்ணாடி ஜன்னல். வெளிச்சம் இருந்தால் இலை வாயைத் திறக்கும். பகல் முழுக்க நாற்பத்து மூன்று தொட்டியும் ஆவி விடுகிறது. போக வழி இல்லை. ராத்திரி குளிரில் குளியலறைக்குக் கீழே இருக்கிற கூரைதான் ரொம்பச் சில்லென்று ஆகிறது, ஏனென்றால் மேலே குளியலறை ஜன்னல் எப்போதும் திறந்தே இருக்கும். ஆவி அங்கே போய் ஒட்டுகிறது. எண்ணெய் பெயிண்ட் அதைக் குடிக்காது. அதனால் சொட்டுகிறது. நாங்கள் இருந்தபோது மேலே அடுப்பு எரியும், ஆள் நடமாட்டம் இருக்கும், கொஞ்சம் கதகதப்பு. இப்போது மாடி காலி. இன்னும் குளிர். அதனால்தான் இன்னும் அதிகம்!

நம்பாவிட்டால் செய்து பாருங்கள். யானைக்காதுச் செடியின் ஒரு இலைக்கு மட்டும் பை கட்டுங்கள். பக்கத்தில் ஒரு காய்ந்த குச்சியை நட்டு அதற்கும் அதே மாதிரிப் பை கட்டுங்கள். குச்சிப் பை எதற்கென்றால், அறையின் ஈரம்தான் பைக்குள் வருகிறது என்று நீங்கள் சாக்குச் சொல்வீர்கள். அதற்காக.

அப்புறம் எல்லாத் தொட்டியையும் மூன்று நாள் வெளியே வையுங்கள். இலை பறிக்க இப்போது அங்கே யாரும் இல்லை.

வாண்டு


பிப்ரவரி 23

வாண்டுக்கு,

பை கட்டினேன். உன் வாயை அடைக்க வேண்டும் என்றுதான் கட்டினேன்.

மறுநாள் காலை போனேன். குச்சிப் பை நேற்றுக் கட்டினபடியே காய்ந்திருந்தது. இலைப் பையில் தண்ணீர். அவிழ்த்து ஒரு தம்ளரில் சாய்த்தேன். தம்ளரின் அடி நிறைந்தது. ஒரே ஒரு இலை. ஒரே ஒரு நாள். அப்படியே மிஷின் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்து நிமிர்ந்து பார்த்தால், சுற்றிலும் எத்தனை இலை. எண்ண ஆரம்பித்து, நானூறுக்கு மேல் எண்ண முடியாமல் விட்டுவிட்டேன்.

பத்து வருஷமாகத் தண்ணீர் ஊற்றுகிறேனே, ஒரு நாளாவது யோசித்திருப்பேனா, இவ்வளவும் எங்கே போகிறது என்று? செடி குடிக்கிறது என்று நினைத்தேன். இவ்வளவு தண்ணீரைக் குடிக்கிற செடி யானை அளவு ஆகியிருக்க வேண்டாமா? தினம் காலையில் பக்கெட்டைத் தூக்கி வந்து, என் கோட்டுகளின் மேல் நானே ஊற்றியிருக்கிறேன்.

நாற்பத்து மூன்று தொட்டியையும் தனி ஆளாக வெளியே இழுத்தேன். முதல் நாள் காலை கொஞ்சம் சொட்டியது. இரண்டாம் நாள் கூரை மங்கலாக இருந்தது, சொட்டவில்லை. மூன்றாம் நாள் தடவிப் பார்த்தேன். காய்ந்த கூரை. அப்படியும் மனசு ஒத்துக்கொள்ளவில்லை. எல்லாவற்றையும் மறுபடி உள்ளே இழுத்து வைத்தேன். மூன்றாம் நாள் விடிகாலையில் என் நெற்றியில் விழுந்தது ஒரு சொட்டு.

என்ன காரியம் செய்துவிட்டேன் நான். ஒரு குடும்பத்தையே படி இறங்க வைத்துவிட்டேனே. உன் அப்பாவைப் பார்த்து, "பிளம்பர் வீட்டிலேயே ஒழுகுகிறது, இவர் ஊருக்குப் பைப் மாட்டப் போகிறார்" என்று தெருவே கேட்கும்படி சொன்னேன். நீ என் மேஜைக்கு முன்னால் நின்றாய். அந்த மேஜை உன் நெஞ்சு வரைக்கும் வந்தது.

வேறு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. நீ திறக்கவில்லை. மேலே குழாய் மூடித்தான் இருந்தது.

அத்தை


மார்ச் 1

அத்தைக்கு,

"நீ திறக்கவில்லை" என்கிற வரியை இருபது தடவை படித்தேன். முதலில் குதித்தேன். பிறகு பாதியில் நிறுத்திவிட்டேன். சந்தோஷம் வந்தால் யாராவது பாதியில் நிறுத்துவார்களா? எனக்குத் தெரியாது.

உங்களுக்குத் தெரிந்துவிட்டது. எனக்கு முன்னாலேயே தெரியும். அப்பாவுக்குத் தெரியாது. அப்பாவுக்குத் தெரியாமல் யாருக்குத் தெரிந்து என்ன?

நான் சொன்னால் நம்ப மாட்டார். "இலை தண்ணி விடுதுப்பா" என்று சும்மா பேச்சுவாக்கில் சொல்லிப் பார்த்தேன். "படிக்கிற நேரத்துல படி" என்று சொல்லிவிட்டார். நான் உங்களுக்கு எழுதுவதே வீட்டில் தெரியாது. நீங்கள் எழுதுங்கள். உங்கள் கையெழுத்தில் எழுதுங்கள். நான் கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

சீக்கிரம் எழுதுங்கள் அத்தை.

வாண்டு


மார்ச் 6

வாண்டுக்கு,

உன் அப்பாவுக்கு எழுதியது இதோடு இருக்கிறது. மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். முதலாவதில் நியாயம் பேசியிருந்தேன். இரண்டாவதில் குளிர்மேல் பழி போட்டிருந்தேன். மூன்றாவது ரொம்ப நீளம். இதில் நடந்ததை நடந்தபடி எழுதியிருக்கிறேன், பையில் சேர்ந்த தண்ணீர் முதல் கொத்தனார் தூவிய சிமெண்ட் வரைக்கும். தெருவில் அவரைச் சொன்ன சொல்லையும் எழுதி, அது தப்பு என்று எழுதியிருக்கிறேன். ஒட்டவில்லை. முதலில் நீ படித்துவிட்டுக் கொடு.

தொட்டிகளை வெளியே வைத்துவிட்டேன். இனி வெளியேதான்.

ஒன்று என் மனதை அரிக்கிறது. செய்யாததைச் செய்தேன் என்று ஏன் சொன்னாய்?

அத்தை


மார்ச் 13

அத்தைக்கு,

கொடுத்துவிட்டேன்.

அப்பா வேலையிலிருந்து வந்து ரெஞ்ச் பையைக்கூடத் தோளிலிருந்து இறக்கவில்லை. நின்றபடியே படித்தார். முகம் மாறிக்கொண்டே வந்தது. மறுபடி முதலிலிருந்து படித்தார். அப்புறம் தலையில் அடித்துக்கொண்டார்.

"பைப் வேர்க்கும்னு எனக்குத் தெரியாதா? இருபது வருஷமா வேர்த்த பைப்பைத் துணி வச்சுத் தொடச்சிருக்கேன். கூரையும் வேர்க்கும்னு எனக்கு ஏன் தோணல? பைப்பையே பாத்துட்டு நின்னேனே, ஒரு தடவை அந்த ரூமுக்குள்ள திரும்பிப் பாத்தேனா?"

நான் இலைத்துளை படத்தைக் காட்டினேன். "மோட்டார் இல்லாமலா மரத்து உச்சிக்குத் தண்ணி ஏறுது!" என்று வாயைப் பிளந்தார். ஒரு நிமிஷம் நாங்கள் இரண்டு பேரும் பழைய மாதிரி இருந்தோம். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அப்புறம் அப்பாவும் நீங்கள் கேட்டதையே கேட்டார். "அப்ப நீ ஏன் நான்தான் தெறந்தேன்னு சொன்ன?"

கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டார். அதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்பாவுக்கு நிஜமாகவே தெரியவில்லை!

"நீங்க அடிச்சீங்கப்பா," என்றேன். "இல்லேன்னு சொன்னப்பல்லாம் அடிச்சீங்க. ஆமான்னு சொன்னதும் நிறுத்திட்டீங்க."

அடுப்படியிலிருந்து அம்மா கரண்டியோடு அப்படியே வெளியே வந்தார். அம்மாவுக்குத் தெரியவே தெரியாது. அன்றைக்கு அம்மாவுக்குத் தொழிற்சாலையில் ரெண்டாவது ஷிப்ட். வருவதற்குள் நான் தூங்கிவிட்டேன். "நீங்க அவள அடிச்சீங்களா?" என்று கேட்டார். ரெஞ்ச் பை அப்பாவின் தோளிலிருந்து வழுக்கி விழுந்தது, அதை எடுக்கவில்லை. வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். அங்கிருந்தே, "நான் பைப்பை நம்பினேன்," என்றார். அதை யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

இப்போது வீட்டில் யாரும் சரியாகப் பேசுவதில்லை. நிஜம் தெரிந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

வாண்டு


மார்ச் 19

வாண்டுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு மூன்று நாள் மிஷினில் உட்காரவில்லை.

நீ ஏன் சொன்னாய் என்று உன்னைக் கேட்டேனே, உன் அப்பாவுக்காவது தெரியாமல் இருக்கலாம். எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் கேட்டேன்.

நம் வீட்டு மாடியில் ஸ்டூலை இழுத்தால் கீழே கேட்கும். அன்றைக்குச் சாயங்காலம் நான் ஒரு கோட்டுக்குக் கை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தேன். "இல்லப்பா" என்று உன் குரல் கேட்டது. அப்புறம் அடி. மறுபடி "இல்லப்பா". நாலு தடவை. எனக்கு எல்லாம் கேட்டது. பதினாறு படி ஏறினால் உன் வாசல். நான் ஏறவில்லை. சத்தம் காதில் விழாமல் இருக்க மிஷினை இன்னும் வேகமாக மிதித்தேன். "நல்லா வேணும்" என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். அதையும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் இதுவும் பாதி நிஜமாகிவிடும்.

பிறகு உன்னைக் கீழே கூட்டி வந்தார். உன் கன்னம் சிவந்திருந்தது. பார்த்தேன். பார்த்துவிட்டு, ஊசியில் நூல் கோக்கிற மாதிரிக் குனிந்துகொண்டேன்.

இலை தண்ணீர் விடும் என்று எனக்குத் தெரியாது. அது அறியாமை, அதற்கு மன்னிப்பு உண்டு. இது எனக்குத் தெரியும். இதற்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. உன் அப்பா ஒருவர்மேல் மட்டும் இது விழக்கூடாது. அவர் கையை ஓங்க வைத்தது என் வாய். அதை உன் அம்மாவின் முகத்துக்கு முன்னால் நின்று சொல்ல வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை வரட்டுமா? உனக்கு விருப்பம் இல்லையென்றால் வர மாட்டேன். வேண்டாம் என்று ஒரு வரி எழுதினால் போதும்.

அத்தை


மார்ச் 25

அத்தைக்கு,

உங்கள் கடிதத்தை அப்பா அம்மா இரண்டு பேருக்கும் நான்தான் வாசித்துக் காட்டினேன். நடுவில் ஒரு இடத்தில் நிறுத்திவிட்டேன். அம்மா வாங்கி மீதியைப் படித்தார். "கீழ கேட்டுச்சா!" என்று அப்பா எழுந்து நின்றுவிட்டார்.

நான் வேறு மாதிரி நினைத்துக்கொண்டிருந்தேன் அத்தை. உங்களுக்குக் கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கேட்டிருந்தால் நீங்கள் மேலே வந்திருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

வாங்க. ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் வீட்டில்தான் இருப்போம். வீட்டு முகவரியைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். மன்னித்துவிட்டாயா என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள், எனக்கே தெரியவில்லை.

இன்னொன்று. வந்து அழாதீர்கள். நீங்கள் அழுதால் அப்பாவும் அழுவார், அம்மா ஏற்கனவே அழுகிறார், அப்புறம் உங்கள் மூன்று பேரையும் நான்தான் சமாதானப்படுத்த வேண்டியிருக்கும். என்னால் முடியாது. அன்றைக்கு என்னை யாரும் சமாதானப்படுத்தவில்லை.

இப்படிக்கு,
வாண்டு